எல்லாரும் எங்கட பிள்ளையள்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் எங்கள் தமிழ்ப் பையன்களுக்கு ஒரு ஹாக்கி அணி இருந்தது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில் ஹாக்கியா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விளையாட்டு ஆசையில் உண்டான அணி அல்ல அது, பயத்தில் உண்டான அணி. அதை உண்டாக்கியவர்களும் கட்டிக் காத்தவர்களும் அந்தப் பையன்களைப் பெற்றவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் என் அப்பா.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளைக்காரனின் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரன் ஊரை விட்டு ஓடிய பிறகு அதே கந்தோரில், அதே மேசையில் ஜப்பான்காரனுக்கு கிளார்க்காக உட்கார்ந்தார். குட் மார்னிங் சொன்ன இடத்தில் இடுப்பை வளைத்துக் கும்பிடக் கற்றுக்கொண்டார். மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஜப்பான் மொழியும் படித்தார். மற்றபடி அவரில் ஒரு மாற்றமும் இல்லை. முறையாகக் கேட்டால் எந்த அரசாங்கமும் முறையாகப் பதில் சொல்லும் என்று நம்புகிற மனிதர். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மாடிவீடு. ரோட்டைத் தாண்டினால் திடல். எனக்கு அப்போது பதினான்கு வயது. வயசுப் பெண்களை வெளியே காட்டக்கூடாது என்று ஊரெல்லாம் பயந்த காலம். அம்மா என் தலைமயிரை ஒட்ட வெட்டி, அண்ணனின் பழைய காற்சட்டையை மாட்டி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அதனால் நான் சொல்லப் போவதில் பாதி, குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தது. மீதி, பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டது.

அண்ணனுக்குப் பதினேழு முடிந்திருந்தது. படித்த பள்ளிக்கூடம் மூடிவிட்டது. வேலை கிடையாது. கூட்டாளிகளோடு சந்தியில் நிற்பதும் பசித்தால் வீட்டுக்கு வருவதுமாக இருந்தான். அந்த நேரத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் ஆட்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அது தோட்டத்துச் சனங்களுக்கு, உத்தியோகக்காரர் வீட்டுப் பிள்ளைகளை யார் தொடப் போகிறான் என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு டவுனில் ஒரு இடத்தில் இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று செய்தி வந்தது. அதன் பிறகு உத்தியோகக்காரர் முகங்களிலும் ஈயாடவில்லை.

சும்மா நிற்கிற ஆளைத்தான் பிடிக்கிறார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா யோசித்தார். ஜப்பான்காரனுக்கு விளையாட்டும் டிரில்லும் பிடிக்கும். பையன்களை ஒரு அணியாகச் சேர்த்து, கந்தோரில் அனுமதி வாங்கி, ஒரே நிறச் சட்டை போட்டு, தினமும் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரித் திடலில் விளையாட விட்டால் அவர்களை யாரும் சும்மா நிற்கிறவர்கள் என்று சொல்ல முடியாது. அப்பா கேட்டார், அவருடைய ஜப்பான் அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்தார். அப்பா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

அணிக்குப் பதினொரு பேரும் குவார்ட்டர்ஸில் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் அந்த வீடுகளில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பயம் வந்ததும் எல்லாரும் உறவாகிவிட்டார்கள். கோல்கீப்பர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்காரரின் மகன். அவன் அம்மா வாய்த்துடுக்கு மிகுந்தவர், என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். அப்பாமார்கள் உடைந்த மட்டைகளைச் சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டினார்கள். பந்துக்கு மரக்கட்டையைக் கடைந்து, அதன் மேல் ரப்பர் பால் பூசிப் பூசிக் காய வைத்தார்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்த ஒரே பொருள் ரப்பர்தான். அம்மா எங்கள் வீட்டு நீலத் திரைச்சீலைகளைக் கழற்றிச் சட்டை தைத்தார். வெட்கத்தை விட்டால் நல்ல அழகான சட்டைகள்.

சாப்பாடுதான் பெரிய பாடு. பசித்த பையன் ஓடமாட்டான். ஆளுக்கு ஆள் மரவள்ளிக்கிழங்கோ, தேங்காயோ, வீட்டில் இருந்ததைக் கொண்டுவருவார்கள். எங்கள் குசினியில் அவித்து, மசித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு உருண்டையாகப் பிடித்து, அம்மாமார் பானையைத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால், மணி ஆறு அடிக்கும்போதும் வெயில் மண்டையைப் பிளக்கும். பையன்கள் வியர்க்க வியர்க்க வந்து அந்த உருண்டைகளை விழுங்குவார்கள். ஊரே எலும்பும் தோலுமாகத் திரிந்த காலத்தில் எங்கள் பையன்களுக்கு மட்டும் கன்னத்தில் சதை வைத்தது. அம்மாமாருக்கு அதில் எவ்வளவு பெருமை!

ஒருநாள் அம்மா ஒரு உருண்டைக்குள் அவித்த முட்டைப் பாதியை ஒளித்து வைத்தார். அந்த உருண்டையைத் தானே எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அவன் அவசரக்குடுக்கை. கடித்த வேகத்தில் மஞ்சள் கரு புல்லில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கோல்கீப்பரின் அம்மா பார்த்துவிட்டார்.

"ஏக்கா, உங்க உருண்டைக்குள்ள மட்டும் கோழி வந்து முட்டை போட்டுட்டுப் போயிருச்சா லா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. மறுநாள் பெற்றோரைக் கூட்டி ஒரு சட்டம் போட்டார். திடலில் யாருக்கும் சொந்தப் பிள்ளை கிடையாது. எந்தத் தாயும் தன் பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்கக்கூடாது, மற்றவர் பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும். யார் கோல் போட்டாலும் ஒரே மாதிரிக் கை தட்ட வேண்டும். எது உங்கள் பிள்ளை என்று யாராவது கேட்டால் எல்லாரும் எங்கள் பிள்ளைகள்தான் என்று சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. எங்கள் சனங்களுக்கு அது புதிதும் அல்ல. நாலு பேர் முன்னால் என் பிள்ளை, என் பிள்ளை என்று முன்னுக்குத் தள்ளுவது மரியாதை இல்லை, கண்ணூறும் படும். ஆனால் சொன்ன சட்டத்தை அப்பா அளவுக்குக் கடைப்பிடித்தவர் ஒருவரும் இல்லை. என் அண்ணன் நின்ற பக்கம் அவர் திரும்பியே பார்க்கமாட்டார்.

"நான் கோல் அடிச்சாலும் ஆரோ பெத்த பிள்ளைக்குத் தட்டுற மாதிரித்தான் தட்டுறார்" என்று அண்ணன் என்னிடம் முறையிட்டான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அக்கரையில் இருந்த பாகான் டாலாம் பையன்களோடு ஒரு ஆட்டம் ஏற்பாடாயிற்று. அவர்கள் ஃபெரியில் வந்தார்கள். அப்பாவின் அதிகாரியைத்தான் தலைமை விருந்தினராக அழைத்தார்கள். அந்த மனிதர் நம் அணியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஒரு பயமும் இல்லை என்று அப்பா எல்லாருக்கும் தைரியம் சொன்னார். சூலியா தெருவில் கடை வைத்திருந்த ஒரு பாய், தேநீர்ப் பாத்திரமும் கிளாசுகளும் இரவல் கொடுத்தார். சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, மாலை எல்லாம் எப்படியோ வந்து சேர்ந்தன. கல்யாண வீடு தோற்றது.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இடைவேளை நேரம். அதிகாரி பிரம்பு நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பா பக்கத்தில் நிற்கிறார். அதிகாரி முகத்தைத் திருப்பி ஏதோ கேட்டார். அப்பா குனிந்து வணங்கி, சிரித்த முகத்தோடு, இரண்டு கைகளையும் விரித்து, இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை திடல் முழுவதையும் காட்டினார். அதிகாரி அவரை அண்ணாந்து பார்த்து மறுபடியும் கேட்டார். அப்பா மறுபடியும், இன்னும் அகலமாகக் கைகளை விரித்தார். அதிகாரி சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அப்பா அன்றைக்கு எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தார்.

ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உம்மட பிள்ளை எது எண்டு கேட்டவர். எல்லாரும் எங்கட பிள்ளையள்தான் எண்டு சொன்னன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதைத்தான் சொன்னன். ஆள் சிரிச்சுப் போட்டார்."

"நல்ல மறுமொழி" என்றார் அம்மா. சொன்னார். என் காதால் கேட்டேன்.

லாரிகள் அதற்கு அடுத்த வாரம் வந்தன. வெயில் இருந்த நேரம், பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள், அம்மாமார் பானையோடு நின்றார்கள். சிப்பாய்கள் இறங்கித் திடலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஓட வழியில்லை. ஓட வேண்டும் என்று கூட யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன், கையில் அனுமதிக் காகிதம் இருக்கிறதே. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், திரும்பி வந்துவிடலாம் என்று சிப்பாய்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் சொன்னானாம். மட்டைகளைப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டார்கள். நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறியதை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அண்ணன் எது என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் எங்கள் வீட்டுத் திரைச்சீலை.

அம்மாமார் லாரியைச் சுற்றி ஓடினார்கள். பானையிலிருந்து உருண்டைகளை அள்ளி, லாரியின் பக்கப் பலகை இடுக்குகளில் நீண்ட கைகளிலெல்லாம் வைத்தார்கள். எந்தக் கை யாருடையது என்று பார்க்க அவகாசம் இல்லை. கோல்கீப்பரின் அம்மா சந்தி வரை லாரிக்குப் பின்னால் ஓடிப் போய் விழுந்தார். என் அம்மா வெறும் பானையோடு மாடிப்படி ஏறி வந்தார். "அவன்ர கையில குடுத்தனோ தெரியேல்லை, அவன்ர கையில குடுத்தனோ தெரியேல்லை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குச் செய்தி போய், கந்தோரில் அதிகாரி இல்லாமல், அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் எல்லாருக்கும் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மேலிடத்திலிருந்து ஆட்கள் கேட்டு உத்தரவு வந்துவிட்டதாம். கந்தோரில் வேலை செய்கிறவர்களுடைய பிள்ளை என்றால் அதிகாரி தன் பொறுப்பில் ஒருவனை விலக்கலாமாம். அதற்காகத்தான் ஆட்டத்தன்று கேட்டாராம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அப்பா ஒருவனையும் காட்டாததால், இவருக்குச் சொந்தப் பிள்ளை இந்த அணியில் இல்லை, அணியின் மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாராம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, அக்கரையில் பிறை ஸ்டேஷனிலிருந்து ரயில் போயிருக்கும் என்று சொல்லி, அப்பாவுக்கு வணக்கமும் சொல்லி, கதவைச் சாத்தியிருக்கிறார்.

அம்மா அவர் கையை விட்டார்.

"ஒரு விரல்! ஒரு விரலை நீட்டிக் காட்ட ஏலாமல் போச்சே உங்களால! இரண்டு கையையும் விரிச்சியளே, ஒரு விரலை நீட்டக் கூடாதோ? பெத்த பிள்ளையை என்ர பிள்ளை எண்டு சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்?"

அந்தக் குரல் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. நல்ல மறுமொழி என்று அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மாவும் மறந்திருக்க மாட்டார். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டார் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அன்றோடு அம்மா அப்பாவுடன் பேசுவதை நிறுத்தினார். சமைப்பார், சோற்றுக் கோப்பையில் போட்டு வைப்பார், "கொப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அப்பா தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கந்தோருக்குப் போவார். அதே அதிகாரி, அதே வணக்கம். போகாவிட்டால் எங்களுக்கு அரிசி கிடையாது.

வெளியே நடந்தது இன்னொரு கூத்து. அம்மா போட்ட சத்தத்தை ஊர் கேட்டது, ஆனால் ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. தன் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்பு வந்தும், எல்லாரும் என் பிள்ளை என்று சொன்ன மனிதர் என்று பேசத் தொடங்கினார்கள். மாதம் போகப் போக அந்தக் கதை வளர்ந்தது. துறைமுகத்து ஆட்கள் அப்பாவை ரோட்டில் கண்டால் கைகட்டி ஒதுங்கி நின்றார்கள். தன் வீட்டில் விளைந்த வாழைக்குலையை ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதையும் அடக்கம் என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

ஜப்பான்காரன் தோற்று, சண்டை முடிந்தது. போன பையன்களில் சிலர் வந்தார்கள். கோல்கீப்பர் வந்தான். அவன் அம்மாவுக்கே அவனை அடையாளம் தெரியவில்லையாம். காலில் ஆறாத புண். நடக்க முடிந்த அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றான். அண்ணன் அங்கே போன இரண்டாவது மழைக்காலத்தில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று சொன்னான். அண்ணனுக்குத் தானே குழி வெட்டியதாகச் சொன்னான். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார், என் பிள்ளை என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று.

"அப்பா வருவாருன்னு சொல்லுவாம்மா. எங்க அப்பா ஆபீஸ்ல பேசி, சீல் வச்ச கடுதாசியோட நேரா இங்கயே வந்துருவாரு, வந்தா உங்க எல்லாரையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போவாருன்னு. லாரி சத்தம் கேட்டா எழுந்து பாப்பான்."

அப்பா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வராத பையன்களுக்காகக் கோயில் மண்டபத்தில் ஒரு பூசை வைத்தார்கள். எனக்கு மயிர் வளர்ந்து, நானும் பாவாடை கட்டி வெளியே போகத் தொடங்கியிருந்தேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். தீபாராதனை முடிந்ததும் கோல்கீப்பரின் அப்பா எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினார்.

"எம் புள்ள வந்துட்டான். இவரு புள்ள வரல. அன்னிக்கு இவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவரு புள்ள வீட்டுலயே இருந்திருப்பான். சொல்லல. எல்லாரும் எம் புள்ளதான்னு சொன்னாரு. இப்பேர்ப்பட்ட மனுசன நாங்க பாத்ததில்ல. ஐயாவுக்கு ஒரு மாலை போடணும்னு எல்லாரும் ஆசப்படுறோம்."

மாலையும் தயாராக இருந்தது. அப்பா எழுந்து நின்றார். மாலையை வாங்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"போடாதேங்கோ" என்றார். "நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. அவர் என்னத்துக்குக் கேக்கிறார் எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியாது. மரியாதைக்குச் சொல்லுற கதை எண்டு நினைச்சுச் சொன்னன். தெரிஞ்சிருந்தால் என்ர பிள்ளையைக் காட்டியிருப்பன். அவனை மட்டும்தான் காட்டியிருப்பன். உங்கட பிள்ளையளை நினைச்சும் பாத்திருக்க மாட்டன்."

மாலையைப் பிடித்திருந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மகன் திரும்பி வராத ஒரு தாய் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். அப்பா உட்காரவும் தெரியாமல், போகவும் தெரியாமல் அங்கேயே நின்றார்.

அம்மா பெண்கள் பக்கமிருந்து எழுந்தார். எல்லாரையும் தாண்டி, ஆண்கள் பக்கம் போய் அப்பாவின் முன்னால் நின்றார்.

"இஞ்சருங்கோ. வாங்கோ, வீட்டை போவம்."

நாங்கள் மூன்று பேரும் நடந்தே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினிக்குப் போய் அடுப்பை மூட்டி, தேநீர் போட்டு, தானே கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவனைத்தான் காட்டியிருப்பன் எண்டதை என்னட்டை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னால் அவன் வந்திடுவானோ?" என்றார் அப்பா.

அம்மா அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். போன பிள்ளைக்காக அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.